ஸ்பீல்பெர்க்கின் '1941': இத்தனை நடிகர்கள் இருந்தும் சிரிப்பு எங்கே போனது?

கொட்டகை எழுதியது:

ஸ்டீவன் ஸ்பீல்பெர்க்கின் படங்களை வரிசையாகப் பேசும் பலரும் 1977-இல் வந்த 'க்ளோஸ் என்கவுன்டர்ஸ்' படத்திலிருந்து 1981-இல் வந்த 'ரெய்டர்ஸ் ஆஃப் தி லாஸ்ட் ஆர்க்' படத்துக்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறார்கள். இடையில் 1979 டிசம்பரில் '1941' என்றொரு நகைச்சுவைப் படம் வந்ததையும், அமெரிக்க விமர்சகர்கள் அதை ஏறக்குறைய ஒரே குரலில் அடித்துத் துவைத்ததையும் அவரது ரசிகர்கள் பேச விரும்புவதில்லை. இந்த இழையில் அந்தப் படத்தை மட்டும் பேசலாம் என்று நினைக்கிறேன்.

கதை 1941 டிசம்பர் 13 அன்று நடக்கிறது. பேர்ல் ஹார்பர் தாக்கப்பட்டு ஆறு நாட்களே ஆகியிருக்கின்றன. அடுத்த குண்டு தங்கள் தலையில்தான் விழும் என்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரமே நடுங்கிக்கொண்டிருக்கிறது. கரைக்கு அருகே ஒரு ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் திசைகாட்டி பழுதாகி, ஹாலிவுட் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் தவிக்கிறது. ஊருக்குள் ஒரு டாங்கிப் படைக்குழு, போர் விமானத்தில் தனியாகச் சுற்றும் ஒரு கிறுக்கு விமானி, கடலோர வீட்டின் முற்றத்தில் விமான எதிர்ப்புப் பீரங்கியை வைத்துக்கொண்ட ஒரு குடும்பத் தலைவர், நடனப் போட்டிக்குப் போகத் துடிக்கும் ஓர் இளைஞன் என்று ஏழெட்டுக் கதைகள் ஒரே இரவில் ஓடுகின்றன. ஜான் பெலூஷி, டான் அய்க்ராய்ட், நெட் பீட்டி, ட்ரீட் வில்லியம்ஸ், நான்சி ஆலன், வாரன் ஓட்ஸ், ஸ்லிம் பிக்கன்ஸ், கிறிஸ்டோபர் லீ, தோஷிரோ மிஃபூனே என நடிகர் பட்டியலைப் படித்தாலே வாய் ஊறும்.

இவ்வளவும் இருந்தும் படம் ஏன் சிரிக்க வைக்கவில்லை? என் எண்ணம் இதுதான்: படத்தில் கூச்சலைக் காது கொடுத்துக் கேட்கும் ஆள் எவருமே இல்லை. பலர் சேர்ந்து நடிக்கும் நகைச்சுவையில் பத்துப் பேர் தலைகால் புரியாமல் ஓடும்போது, அந்த ஓட்டத்தைப் பார்த்துத் திகைத்து நிற்கும் பதினோராவது ஆள் ஒருவர் வேண்டும், ஏனென்றால் அவர் முகத்தைப் பார்த்துத்தான் நாம் சிரிக்கிறோம். '1941' படத்தில் எல்லோரும் முதல் காட்சியிலேயே உச்சக் குரலில் கத்தத் தொடங்கிவிடுவதால், பிறகு நிஜமாகவே ஆபத்து வரும்போது அவர்கள் ஏறிப் போவதற்குப் படி எதுவும் மீதமில்லை.

இரவுக்காட்சி எழுதியது:

திரி தொடங்கியவரோடு நான் உடன்படவில்லை. பீதியைப் பற்றிய படம் பீதியைப் போலவே இருப்பதில் என்ன பிழை இருக்கிறது? ஒரு நகரம் முழுக்க அறிவை இழந்த இரவைக் காட்ட வந்த இயக்குநர், நடுவில் ஒரு நிதானமான ஆளை நிறுத்தியிருந்தால் நாம் அவரைப் பிடித்துக்கொண்டு பாதுகாப்பாக உட்கார்ந்திருப்போம். அந்த வசதியைப் பார்வையாளருக்குத் தரக் கூடாது என்பதுதான் இந்தப் படத்தின் துணிச்சல் என்று நான் கருதுகிறேன்.

அதோடு, நீங்கள் கேட்கும் அந்தப் பதினோராவது ஆள் படத்தில் இருக்கவே செய்கிறார். ராபர்ட் ஸ்டாக் நடித்த ஜெனரல் ஸ்டில்வெல்லை எப்படி மறந்தீர்கள்? வெளியே ஹாலிவுட் புல்வார் சாலையில் கடற்படையினரும் தரைப்படையினரும் ஒருவரையொருவர் அடித்து நொறுக்கிக்கொண்டிருக்கும்போது, திரையரங்குக்குள் டிஸ்னியின் 'டம்போ' கார்ட்டூன் படத்தின் தாய் யானையைப் பார்த்து அவர் கண்ணீர் விடுகிறார். அந்த முரண் ஒன்றுக்காகவே இந்தப் படத்தை நான் மன்னித்துவிடுவேன். ஸ்டில்வெல் கற்பனைப் பாத்திரமும் அல்லர். 1941 டிசம்பரில் அவர் உண்மையிலேயே தெற்குக் கலிஃபோர்னியாவில் பொறுப்பில் இருந்தார். அப்போது பரவிய பொய் எச்சரிக்கைகளைத் தம் நாட்குறிப்பில் எள்ளி நகையாடியிருக்கிறார்.

பழைய ப்ரொஜெக்டர் எழுதியது:

ஒரு சிறு விளக்கம். இந்தப் படம் வசூலில் படுதோல்வி என்று பலரும் எழுதுகிறார்கள், அது சரியன்று. ஏறத்தாழ மூன்றரைக் கோடி டாலர் செலவான படம் உலகெங்கும் ஒன்பது கோடி டாலருக்கு மேல் ஈட்டியது. 'ஜாஸ்' படத்தையும் 'க்ளோஸ் என்கவுன்டர்ஸ்' படத்தையும் கொடுத்தவரிடமிருந்து அந்தத் தொகை போதாது என்று ஊர் நினைத்தது என்பதே உண்மை. யுனிவர்சல், கொலம்பியா ஆகிய இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து பணம் போட வேண்டியிருந்த படம் என்பதால் எதிர்பார்ப்பும் அதற்கேற்ப வீங்கியிருந்தது. அதன் பிறகு 'ரெய்டர்ஸ்' படத்தை அவர் திட்டமிட்ட செலவுக்குள், குறித்த நாட்களுக்கு முன்பாகவே முடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். '1941' அவருக்குக் கற்றுக்கொடுத்தது நகைச்சுவையைக் காட்டிலும் கணக்கைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

முன்வரிசை எழுதியது:

இருவருக்கும் பொதுவான ஓர் உதாரணத்தை முன்வைக்கிறேன். படம் முழுவதையும் தூக்கிப் போட்டாலும் தப்பித்துக்கொள்ளக் கூடிய ஒரு பகுதி உண்டு. அது அந்த நடனப் போட்டி. படைவீரர்களுக்கு மட்டுமே அனுமதி உள்ள அரங்கில் வாலி என்ற சாதாரண இளைஞன் புகுந்துவிடுகிறான். அவன் காதலியின் மேல் கண் வைத்திருக்கும் முரட்டு கார்ப்பரல் சிடார்ஸ்கி அவனைத் துரத்துகிறான். பாண்டு வாத்தியம் நிற்காமல் முழங்க, துரத்தலும் நடனமும் ஒன்றாகிவிடுகின்றன: விழ வேண்டிய அடி ஒவ்வொன்றும் ஒரு நடன அசைவாக மாறித் தப்புகிறது, தப்பிய ஒவ்வொரு அசைவும் அடுத்த அடிக்கு வழிவிடுகிறது, காமிராவோ மேசைகளுக்கு இடையிலும் தலைகளுக்கு மேலேயும் நீந்திக்கொண்டே போகிறது.

இந்தக் காட்சியிலும் சத்தம் குறைவில்லை, கூட்டமும் குறைவில்லை. ஆனாலும் நமக்கு மூச்சு முட்டுவதில்லை. ஏனென்றால் யாருக்கு என்ன வேண்டும் என்பது நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. வாலிக்கு நடனமாட வேண்டும், சிடார்ஸ்கிக்கு அவனை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆகவே கொட்டகை அவர்கள் சொல்வதுபோல நிதானமான ஆள் இல்லாதது பெரிய குறையென்று நான் நினைக்கவில்லை. மற்றப் பகுதிகளில் பாத்திரங்களுக்கு விருப்பம் என்று ஒன்று இல்லை, வெறும் கிறுக்கு மட்டும் இருக்கிறது. பெலூஷியின் கெல்ஸோ எதற்காகப் பறக்கிறான் என்று கேட்டால், ஜப்பானிய விமானத்தைத் தேடி என்று பதில் வரும். ஆனால் கண்டுபிடிக்காவிட்டால் அவனுக்கு என்ன நட்டம் என்று கேட்டால் பதில் கிடையாது.

கொட்டகை எழுதியது:

இரவுக்காட்சி அவர்கள் சுட்டிய ஸ்டில்வெல்லை நான் மறக்கவில்லை. அந்த ஒரே நிதானமான மனிதரைப் படம் என்ன செய்கிறது என்று பாருங்கள். கலவரம் தொடங்குவதற்கு முன்பே அவரைத் திரையரங்குக்குள் அனுப்பிக் கதவை அடைத்துவிடுகிறது! தெருவில் நடப்பதை அவர் பார்ப்பதில்லை, தெருவில் இருப்பவர்களும் அவரைப் பார்ப்பதில்லை. 'டம்போ' காட்சி அழகானதுதான், ஆனால் அது கலவரத்துக்குப் பக்கத்தில் தனியாக நிற்கும் ஒரு துணுக்கு. அவர் வெளியே நின்று அந்த அடிதடியைப் பார்த்திருந்தால், அந்த ஒரு முகத்தால் முழுத் தெருவும் சிரிப்பாகியிருக்கும்.

முன்வரிசை அவர்களின் கருத்து என்னுடையதைவிடக் கூர்மையானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. நடன அரங்கில் வாலி என்ற பயந்த இளைஞனின் முகம் இருக்கிறது. சிடார்ஸ்கியைக் கண்டு அவன் அஞ்சுகிறான், அந்த அச்சமே நாம் பிடித்துக்கொள்ளும் கைப்பிடி.

தட்டச்சு எழுதியது:

திரைக்கதையைப் பற்றி யாரும் இதுவரை பேசவில்லை என்பதால் எழுதுகிறேன். எழுதியவர்கள் ராபர்ட் ஸெமெக்கிஸ், பாப் கேல் என்ற இரண்டு இளைஞர்கள்; கதையில் ஜான் மிலியஸுக்கும் பங்கு உண்டு. பின்னாளில் 'பேக் டு தி ஃப்யூச்சர்' எழுதப்போகும் அதே இருவர்தான். கடிகாரத்தைப் போலப் பூட்டிய திரைக்கதைக்குப் பேர்போனவர்கள் இவ்வளவு தளர்வாக எழுதியிருப்பார்களா என்ற ஐயம் எனக்கு நெடுநாளாக உண்டு.

அந்த ஐயத்துக்கு விடை '1941' வெளிவருவதற்கு முந்தைய ஆண்டில் இருக்கிறது. 1978-இல் இதே இருவர் எழுத, ஸெமெக்கிஸ் முதன்முறையாக இயக்க, ஸ்பீல்பெர்க் நிர்வாகத் தயாரிப்பாளராக இருந்த 'ஐ வான்னா ஹோல்ட் யுவர் ஹேண்ட்' என்ற படம் வந்தது. பீட்டில்ஸ் இசைக்குழு நியூயார்க்கில் எட் சல்லிவன் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் முதன்முறை தோன்றும்போது, அவர்களை ஒருமுறை பார்த்துவிடத் துடிக்கும் சில இளைஞர்களின் கதை அது. அதுவும் பல கதைகள் பின்னிய படம்தான். ஒரு நகரத்துக்கே பித்துப் பிடித்த கதைதான். நான்சி ஆலன், பாபி டி சிக்கோ, வெண்டி ஜோ ஸ்பெர்பர், எடி டீஸன் ஆகியோர் இரண்டு படங்களிலும் நடித்திருக்கிறார்கள். அந்தப் படம் வசூலில் தோற்றது. ஆனால் விமர்சகர்கள் பலர் அதை விரும்பினார்கள், இன்றும் பார்க்க இனிமையாக இருக்கிறது.

வேறுபாடு என்னவென்றால், அங்கே ஆளுக்கொரு வழியில் ஓடினாலும் எல்லோரும் போய்ச் சேர வேண்டிய இடம் ஒன்றுதான். '1941' படத்தில் நீர்மூழ்கிக் கப்பல் ஹாலிவுட்டைத் தேடுகிறது, கேப்டன் பர்க்ஹெட் நான்சி ஆலனோடு பறப்பதற்கு ஒரு விமானத்தைத் தேடுகிறார், முற்றத்தில் பீரங்கி வைத்த நெட் பீட்டி சுடுவதற்கு எதையாவது தேடுகிறார், இவர்களில் எவருடைய தேடலும் அடுத்தவருடையதை உண்மையில் தடுப்பதோ வளர்ப்பதோ இல்லை. முடிவில் எல்லோரையும் கடற்கரைக்குக் கொண்டுவந்து குவிக்கும்போது அது சந்திப்பாக இல்லை, வெறும் மோதலாக இருக்கிறது.

ஒலிநாடா எழுதியது:

எழுத்தைக் குறை சொல்வதற்கு முன் அளவைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைக்கிறேன். ஹாலிவுட் புல்வார் சாலையின் மேல் இரண்டு விமானங்கள் கட்டடங்களுக்கு இடையில் துரத்திக்கொண்டு பறக்கும் காட்சியைக் கணினி வரைகலை இல்லாத காலத்தில் சிற்றுருக்களைக் கட்டி, விமானங்களைக் கம்பியில் ஓட்டி எடுத்தார்கள். கடலோரக் கேளிக்கைப் பூங்காவின் ராட்டினம் அச்சாணி கழன்று பாலத்தில் உருண்டோடிக் கடலில் விழுவதும் அப்படித்தான். வில்லியம் ஃப்ரேக்கரின் ஒளிப்பதிவு இரவு முழுவதையும் புகையும் பொன்னொளியுமாக நிரப்பியிருக்கிறது. ஒளிப்பதிவு, ஒலி, காட்சி விளைவு ஆகிய மூன்றுக்கும் படம் ஆஸ்கர் பரிந்துரை பெற்றது. முதல் இரண்டை 'அபோகலிப்ஸ் நவ்' கொண்டுபோனது, மூன்றாவதை 'ஏலியன்' கொண்டுபோனது.

இதைப் பாராட்டாக மட்டும் சொல்லவில்லை. அவ்வளவு அழகாக எடுத்த ராட்டினம் உருளும்போது நான் வாயைப் பிளந்து பார்த்தேனே ஒழியச் சிரிக்கவில்லை. வியப்பும் சிரிப்பும் ஒரே நேரத்தில் ஒரே முகத்தில் வருவது அரிது. ஒரு வீடு சரிந்து விழுவது சிரிப்பாக வேண்டுமானால் அது நமக்கு எதிர்பாராமல் நடக்க வேண்டும். இங்கே வீட்டைப் பார்த்த முதல் நொடியிலேயே இது விழத்தான் கட்டப்பட்டது என்று தெரிந்துவிடுகிறது. ஜான் வில்லியம்ஸ் எழுதிய அணிவகுப்பு இசைதான் இந்தப் படத்தில் நகைச்சுவை எதுவென்று சரியாகப் புரிந்துகொண்டது. அது தன்னை மிகவும் பெரிய வீரனாக நினைத்துக்கொள்ளும் ஒரு முட்டாளின் நடையில், முகத்தில் சிரிப்பே காட்டாமல் செல்கிறது.

நெய்தல் எழுதியது:

இதுவரை வந்த பதிவுகள் எல்லாம் சிரிப்பின் தொழில்நுட்பத்தைப் பற்றியவை. படம் எதைப் பார்த்துச் சிரிக்கிறது என்பதையும் கேட்க வேண்டும்.

திரைக்கதையாசிரியர்கள் தனித்தனி நிகழ்வுகளை ஓர் இரவுக்குள் அடைத்திருக்கிறார்கள். 1942 பிப்ரவரி 23 அன்று ஐ-17 என்ற ஜப்பானிய நீர்மூழ்கிக் கப்பல் சான்டா பார்பரா அருகிலுள்ள எல்வுட் எண்ணெய் வயலைச் சுட்டது, சேதம் அற்பமானது. அடுத்த நாள் இரவு விடிவதற்குள் லாஸ் ஏஞ்சலிஸ் வானத்தை நோக்கி 1,400-க்கும் மேற்பட்ட விமான எதிர்ப்புக் குண்டுகள் சுடப்பட்டன. எதிரி விமானம் ஒன்றுகூட இல்லை. வீட்டு முற்றத்தில் பீரங்கி வைத்த கதை கிழக்குக் கரையில் மேய்ன் மாநிலத்தில் நடந்ததிலிருந்து எடுத்தது. தெருக் கலவரமோ 1943 ஜூன் மாதத்து ஸூட் சூட் கலவரம்.

இந்தக் கடைசி நிகழ்வில்தான் எனக்கு இடறுகிறது. அந்தக் கலவரத்தில் கடற்படை வீரர்கள் தேடித் தேடி அடித்தது பெரும்பாலும் மெக்சிக வம்சாவளி இளைஞர்களை. படத்தில் அது படைவீரர்களுக்குள் நடக்கும் மல்யுத்தமாகக் கரைந்து, யார் யாரை எதற்காக அடித்தார்கள் என்பது மறைந்துவிடுகிறது. அதைவிடப் பெரியது ஒன்றும் இருக்கிறது. அதே பீதியின் பெயரால் 1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் ஆணையின் கீழ், சுமார் 1,20,000 ஜப்பானிய அமெரிக்கர்கள் வீடு வாசலை விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மேற்குக் கரையின் பீதியைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசும் ஒரு படத்தில், அந்தக் கரையில் வாழ்ந்த ஜப்பானியக் குடும்பம் ஒன்றுகூடக் கதைக்குள் வரவில்லை. பீதிக்கு ஆளானவர்கள் சொந்த வீட்டைத் தாங்களே உடைத்துக்கொண்ட வெள்ளைக்காரர்கள் மட்டும்தான் என்று காட்டினால், நையாண்டிக்குப் பல் எங்கிருந்து வரும்?

இரவுக்காட்சி எழுதியது:

நெய்தல் அவர்களின் கேள்வி நியாயமானது. அதற்கு முழு மறுப்பு என்னிடம் இல்லை. ஆனால் ஒன்றைக் கணக்கில் எடுக்க வேண்டும். படத்தில் ஓரளவு மானத்தோடு நடந்துகொள்ளும் ஒரே கூட்டம் அந்த நீர்மூழ்கிக் கப்பலில்தான் இருக்கிறது. மிஃபூனே ஜப்பானிய மொழியில் பேசுகிறார், கிறிஸ்டோபர் லீ ஜெர்மன் மொழியில் பதில் சொல்கிறார், இருவரும் மொழிபெயர்ப்பாளர் இல்லாமலே ஒருவரையொருவர் புரிந்துகொண்டு வெறுக்கிறார்கள். யாரும் அதை விளக்குவதில்லை. கிறிஸ்துமஸ் மரம் விற்கும் ஸ்லிம் பிக்கன்ஸை அவர்கள் பிடித்துவர, அவர் அங்கே கிடைத்த பொம்மைத் திசைகாட்டியை விழுங்கிவிடும் பகுதி மலினமானதுதான், ஆனால் மிஃபூனேயின் முகம் கடைசிவரை ஒரு சாமுராய்ப் படத்தில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கிறது. கொட்டகை அவர்கள் தேடிய ஆள் கரையில் இல்லை, கடலுக்கடியில் இருக்கிறார்.

சேப்பாக்கம் எழுதியது:

நெய்தல் அவர்களின் பதிவைப் படித்தபோது நம் ஊர் நினைவு வந்ததைத் தவிர்க்க முடியவில்லை. கலிஃபோர்னியாவில் பீரங்கி முழங்கிய ஒன்றரை மாதத்துக்குள், 1942 ஏப்ரலில், ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் விசாகப்பட்டினத்தையும் திருகோணமலையையும் தாக்கின. அடுத்தது தாங்கள்தான் என்று மதராஸ் கலங்கியது. மக்கள் மூட்டை முடிச்சுகளோடு ரயிலேறினார்கள், அரசு அலுவலகங்கள் உள்ளூர்ப் பகுதிகளுக்கு மாற்றப்பட்டன, குண்டு விழுந்தால் கூண்டிலிருந்து தப்பிவிடும் என்று அஞ்சி உயிர்க்காட்சிச் சாலையின் கொடிய விலங்குகளைச் சுட்டுக் கொன்றார்கள். எதிர்பார்த்த படையெடுப்பு வரவே இல்லை.

இதை இங்கே சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த விலங்குகளின் கதையில் ஒரு பெரிய துயரமும் ஒரு பெரிய அபத்தமும் பிரிக்க முடியாமல் கலந்திருக்கின்றன. அதைக் கேட்டுச் சிரிக்கத் தொடங்குபவர் பாதியிலேயே நிறுத்திவிடுவார். '1941' படத்தில் எனக்குக் கிடைக்காதது அந்தப் பாதியில் நிற்கும் சிரிப்பு. இவ்வளவு குண்டு வெடித்தும் அங்கே எவருக்கும் எதுவும் ஆவதில்லை. விமானம் தார்க் குட்டையில் விழுந்தாலும் உள்ளே இருப்பவர்கள் தலைமுடி கலைந்து எழுந்துவருகிறார்கள்.

முன்வரிசை எழுதியது:

சேப்பாக்கம் அவர்கள் கேட்பது வேறு வகைப் படம். கார்ட்டூனில் பாறை விழுந்தால் பூனை தட்டையாகி மீண்டும் எழுவதுபோல இங்கும் எழுகிறார்கள். அந்த விதியைப் படம் முதல் காட்சியிலேயே அறிவித்துவிடுகிறது. 'ஜாஸ்' படத்தில் சுறாவுக்கு முதல் பலியான அதே சூசன் பேக்லினியைக் கடலில் நீந்தவிட்டு, சுறாவுக்குப் பதில் நீர்மூழ்கியின் பெரிஸ்கோப்பை எழுப்பும்போது, இது உயிர் போகாத உலகம் என்று இயக்குநர் சொல்லிவிட்டார். என் குறை அந்த விதியின் மேல் அன்று. கார்ட்டூன் ஏழு நிமிடத்தில் முடிந்துவிடும். அதே வேகத்தை 118 நிமிடங்களுக்கு இழுத்ததுதான் தவறு.

தட்டச்சு எழுதியது:

118 நிமிடம் என்றதும் ஒரு கேள்வி. பிற்காலத்தில் வெளியான நீண்ட வடிவத்தை யாரேனும் பார்த்திருக்கிறீர்களா? சத்தம் அதிகம் என்ற படத்தை மேலும் நீட்டினால் என்ன ஆகும் என்று தயங்கி நான் இன்னும் தொடவில்லை.

பழைய ப்ரொஜெக்டர் எழுதியது:

பார்த்திருக்கிறேன். அது 146 நிமிடம் ஓடுகிறது. வியப்பாக, குட்டை வடிவத்தைவிடச் சோர்வு குறைவாக இருக்கிறது. வெளியீட்டுக்கு முன் வெட்டியவர்கள் வெடிப்புகளை வைத்துக்கொண்டு பாத்திரங்களைத்தான் வெட்டியிருக்கிறார்கள். நீண்ட வடிவத்தில் வாலி தொடர்பான காட்சிகள் கூடுதலாக இருப்பதால், நடன அரங்குக்குள் அவன் நுழையும்போது நமக்கு அவனை முன்பே தெரிகிறது, முன்வரிசை அவர்கள் புகழ்ந்த துரத்தல் இன்னும் நன்றாக எடுபடுகிறது. பெலூஷியின் பகுதி எந்த வடிவத்திலும் தேறாது. சனிக்கிழமை இரவுத் தொலைக்காட்சியில் ஐந்து நிமிடம் வந்துபோனபோது அவரிடம் இருந்த அபாயம், விமானிக் கண்ணாடியும் சுருட்டும் மாட்டிய பிறகு வேடமாகிவிட்டது. நெய்தல் அவர்கள் கேட்ட குடும்பம் அந்த 28 கூடுதல் நிமிடங்களிலும் இல்லை. தட்டச்சு அவர்கள் இரண்டில் ஒன்றைத்தான் பார்க்கப் போகிறார் என்றால் நீண்டதையே பார்க்கலாம், ஒலியைச் சற்றுக் குறைத்து வைத்துக்கொண்டு.